டொல்பின் இழுத்த வள்ளம்

என் கணவரிடம் ஒரு வான் வண்டி இருக்கிறது. அதைப் பழைய வான் என்று நான் எழுதியது தெரிந்தால் இந்தத் தாளை அவர் கிழித்துவிடுவார். சில வருடங்களுக்கு முன் கனடாவிலிருந்து கோயில் திருவிழாவுக்கு வந்த ஒருவர் எங்கள் வாசற் படலையடியில் நின்ற வானைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துவிட்டு, "இது கிளாசிக், அண்ணை. கவனமா வைச்சிருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போய்விட்டார், அந்தச் சொல் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் கிளாசிக். கதவு திறக்க மறுத்தால் கிளாசிக். மழை நாளில் தள்ளி ஸ்டார்ட் பண்ணும்போது பின்னால் நின்று தள்ளுகிறவள் நான் என்பதால், எனக்கு மட்டும் அது இன்னும் பழைய வான்தான்.

"பழசு எண்டு சொல்லாதையும். இவவுக்குக் கேக்கும்" என்பார்.

இவ என்றால் வான். காலையில் எழுந்ததும் என் முகத்தைப் பார்க்கிறாரோ இல்லையோ, அவவின் முகத்தைத் துடைத்துவிடுவார். அந்த வகை வானுக்கு இந்த நாட்டில் எல்லோரும் சொல்லும் பெயர் டொல்பின். உருண்ட முதுகும் சரிந்த மூக்குமாக இருப்பதால் வந்த பெயராக இருக்கும். கண்டாவளையில் நெல்வயல்களுக்கு நடுவே கிடக்கிற எங்கள் வீட்டுக்குக் கடலோடு இருந்த ஒரே தொடர்பு அந்தப் பெயர்தான். பிறகு என் தங்கச்சி கடலோரத்துக் கொக்கிளாய்க்குப் போய்விட்டாள்.

போய்விட்டாள் என்றால், கலியாணம் கட்டிக்கொண்டு போய்விட்டாள். முல்லைத்தீவில் கணினி படிக்கப் போன இடத்தில் கண்ட பழக்கம். பெடியன் வேதக்காரன், உப்புத்தண்ணிக் களப்பில் இறால் பிடிக்கிறவன். எங்கள் அப்பாவோ, யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துத் தண்ணீரை நம்பி இங்கே வந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். நெல்லைத் தவிர வேறொன்றையும் விளைச்சல் என்று ஒத்துக்கொள்ளாதவர். கத்தினாரா, சாபம் போட்டாரா என்றால் அதுவும் இல்லை. அவளோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். அப்பா ஏசினால் எங்கள் வீட்டில் யாருக்கும் பயமில்லை, ஏசாவிட்டால்தான் பயம். தேவாலயத்தில் நடந்த கலியாணத்துக்கு அம்மாவும் நாங்களும் போனோம். அப்பா வரம்பு கட்டப் போனார்.

மூன்று வருடமாக இதுதான் நிலைமை. தங்கச்சி தொலைபேசி எடுத்தால் அப்பா தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு எழும்புவார்.

"மாட்டை ஒருக்காப் பாத்திட்டு வாறன்."

எங்களிடம் மாடு இல்லை. கடைசி மாட்டை விற்று எத்தனையோ வருடம் ஆகிறது.

போன மாரி வெள்ளத்தில் தங்கச்சியின் புருசனுடைய வள்ளம் அடிபட்டு வயிறு பிளந்து போனது. அவர்களுடைய சோறு அந்தச் சின்ன வள்ளம்தான். பரந்தனில் பைபர் ஒட்டுகிற ஒருவரிடம் லொறியில் அனுப்பி, அது நல்லபடி ஒட்டியும் முடிந்தது. ஆனால் அது திரும்பிப் போக லொறி கிடைக்கவில்லை. அறுவடைக் காலம், ஊரிலுள்ள லொறி எல்லாம் நெல் மூட்டைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, அத்தானிட்டைக் கேட்டுப் பார்" என்றாள் தங்கச்சி. "இறால் தொடங்கிட்டுது. இவர் மற்றாக்களின்ரை வள்ளத்திலை கூலிக்குப் போறார். முகத்தைப் பாக்கேலாமல் கிடக்கு."

என் கணவரிடம் கேட்டேன். முதலில் வெளியே போய் வானைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்தார்.

"இவ ஆக்களை ஏத்தினவ. இழுத்துப் பழக்கமில்லை."

"என்னைக் கட்டேக்கை நானும்தான் உங்களை இழுத்துப் பழக்கமில்லாமல் இருந்தனான்" என்றேன்.

மறுநாளே வெல்டிங் கடைக்குப் போய் வானுக்குப் பின்னால் ஒரு கொழுக்கி ஒட்டிக்கொண்டு வந்தார். போகும்போது பயந்த மனுசன், வரும்போது எல்லோருக்கும் கொழுக்கியைக் காட்டிக்கொண்டு வந்தார். இனி வள்ளத்தை வைக்க ஒரு பெட்டி வேண்டும். உழவு இயந்திரத்துக்குப் பின்னால் பூட்டுகிற பெட்டி எங்கள் வீட்டில் ஒன்றுதான் உண்டு. அது அப்பாவுடையது.

கேட்கும் வேலை என் தலையில் விழுந்தது.

"அப்பா, பெட்டி ஒருக்கா வேணும்."

"என்னத்துக்கு?"

"வள்ளம் ஒண்டு ஏத்த."

யாருடைய வள்ளம் என்று அவர் கேட்கவில்லை. நெல் வயலுக்கு நடுவில் இருந்துகொண்டு ஒருத்தி வள்ளம் என்றால், யாருடையது என்று கேட்காமல் இருப்பது பெரிய கெட்டித்தனம். பிறகு, "சில்லுக்குக் காத்துக் காணாது" என்று சொல்லிவிட்டுப் பம்பைத் தேடிப் போனார்.

புறப்படுகிற அன்று காலை பார்த்தால், அப்பா சேட்டுப் போட்டு, திருநீறு பூசி, வானின் முன் ஆசனத்தில் இருக்கிறார்.

"பெட்டி என்ரை. பரந்தன் மட்டும் வாறன். ஒழுங்கா ஏத்திறியளோ எண்டு பாத்துப்போட்டு பஸ்ஸிலை வந்திடுவன்."

அம்மா என்னைப் பார்த்தா. நான் அம்மாவைப் பார்த்தேன். வீட்டைப் பார்க்க அம்மா நின்றுவிட்டா. எங்கள் பக்கத்தில் ஓர் ஊர் மட்டும் வருகிறேன் என்றால், அந்த ஊர் வரைக்கும் என்றுதான் அர்த்தம்.

பரந்தனில் பெட்டிக்குள் வைக்கோலைப் பரப்பி, வள்ளத்தைத் தூக்கி வைத்து, நெல் மூட்டை கட்டுகிற கயிற்றால் கட்டினோம். அப்பா சுற்றி வந்து பார்த்தார். அவருக்கு ஏதோ பொறுக்கவில்லை.

"வெறுமையாவோ போகப்போகுது?"

"வள்ளம் இருக்குதுதானே, மாமா" என்றார் என் கணவர்.

"வள்ளத்துக்குள்ளை ஒண்டுமில்லையே. பெட்டி பூட்டினால் வெறுமையாப் போகக் கூடாது, தம்பி."

தங்கச்சிக்கென்று அம்மா கட்டிக் கொடுத்த புது அரிசி மூட்டை, தேங்காய், பூசணிக்காய், வாழைக்குலை எல்லாம் வானுக்குள் இருந்தன. அவ்வளவையும் அப்பா வள்ளத்தின் பின்பக்கத்தில் அடுக்கினார். தன் வானின் ஆசனத்தில் பூசணிக்காய் இருப்பதைக் காலை முழுவதும் சகித்துக்கொண்டிருந்த என் கணவர் ஒரு சொல்லும் மறுக்கவில்லை. இப்படித்தான், கடலுக்குப் போகிற வள்ளத்தைச் சந்தைக்குப் போகிற பெட்டி போல நிரப்பிக்கொண்டு நாங்கள் முல்லைத்தீவு ரோட்டில் திரும்பினோம். அப்பா இறங்கவில்லை.

"ஓடிப் பாத்தாத்தான் தெரியும், கட்டு நிக்குமோ எண்டு. விசுவமடு மட்டும் வாறன்."



பாரம் எல்லாம் பின்னுக்குப் போனதால் பெட்டி வாலாட்டத் தொடங்கியது. நேராகப் போகிற ரோட்டில் எங்கள் வான் ஒரு பக்கம் போக, வள்ளம் இன்னொரு பக்கம் எட்டிப் பார்த்தது. என் கணவர் ஸ்டேரிங்கைப் பிடித்திருந்த பிடியில் கைவிரல் வெளுத்துப்போயிருந்தது. விசுவமடுவில் தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினோம். கடைக்காரர் வெளியே வந்து, வானைப் பார்த்து, வள்ளத்தைப் பார்த்து, வள்ளத்துக்குள் இருந்த வாழைக்குலையைப் பார்த்தார்.

"டொல்பின் போட்டை இழுக்கிறது சரி. போட்டுக்கை ஆர் வாழை வைச்சது?"

அப்பாவுக்கு மூக்கு நுனியில் கோபம். மூட்டைகளை முன்பக்கமாக இழுத்துவிட்டு, கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். பெட்டி வாலாட்டுவதை நிறுத்தியது. அவருடைய முகம் கொஞ்சம் தெளிந்தது.

"புதுக்குடியிருப்பு மட்டும் வாறன்."

புதுக்குடியிருப்பில் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். முல்லைத்தீவு மட்டும் என்றார். அதுவரைக்கும் வழி முழுவதும் என் கணவருக்கு ஓட்டப் படிப்பித்துக்கொண்டே வந்தார். கியரை மாத்தும், ஓரமாப் போம், அந்த நாயைப் பாரும். நாய் படுத்திருந்தது வீட்டு முற்றத்தில். என் கணவர் எல்லாவற்றுக்கும் "ஓம் மாமா, ஓம் மாமா" என்றார். வீட்டில் நான் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்லுகிற மனுசன்.

வட்டுவாகல் பாலத்தில் மட்டும் அப்பா கதைக்கவில்லை. அந்தப் பாலத்தில் எங்கள் வீட்டில் யாரும் கதைப்பதில்லை. யுத்தம் முடிந்த நாட்களில் அதை நாங்கள் சனத்தோடு சனமாக நடந்து கடந்தோம். நான் அம்மாவின் கையைப் பிடித்திருந்தேன். தங்கச்சி அப்பாவின் தோளில் இருந்தாள். இறக்கி விடுங்கோ, நடக்கிறன் என்று அவள் அழ அழ, அக்கரை போய்ச் சேரும்வரை அவர் இறக்கவில்லை. வான் மெதுவாகப் பாலத்தைக் கடந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர். பாலம் முடிந்து கொஞ்சத் தூரம் போன பிறகுதான், "ஓரமாப் போம்" என்று அப்பா மறுபடி தொடங்கினார்.

முல்லைத்தீவு பஸ் நிலையத்தில் கிளிநொச்சி பஸ் புறப்பட நின்றது. நடத்துநர் கூவிக்கொண்டிருந்தார். அப்பா இறங்கினார். துவாயை உதறித் தோளில் போட்டார். சரி, இவ்வளவுதான் என்று நினைத்தேன். இதுவரை கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம், இன்னும் கொஞ்சத் தூரம்தான், கையைப் பிடித்து இழுக்கலாமா என்றும் இருந்தது. ஆனால் இழுத்தால் வருகிற ஆள் அவர் இல்லை. தங்கச்சி அவர் வருவதாக நம்பியிருக்கவில்லை. நான்தான் விசுவமடுவிலிருந்து ரகசியமாக, அப்பா வானுக்குள்ளை என்று அவளுக்குச் சொல்லித் தொலைத்திருந்தேன். இப்போது அவளுக்கு என்ன சொல்லுவேன்?

அப்பா பஸ்ஸைப் பார்த்தார். பிறகு பெட்டிக்குப் பின்னால் போனார். பக்கக் கண்ணாடியில் எனக்கு எல்லாம் தெரிந்தது. அவர் குனிந்து, அக்கம் பக்கம் பார்த்து, தான் போட்ட முடிச்சைத் தானே அவிழ்த்தார். கயிற்றை ஆட்டிப் பார்த்துவிட்டு மறுபடி இறுக்கிக் கட்டினார். தலையை இரண்டு பக்கமும் அசைத்துக்கொண்டு முன்னால் வந்து ஏறினார்.

"முடிச்சு இளகிப்போய்க் கிடக்கு. உங்களை நம்பி விடேலாது. நாயாறு மட்டும் வாறன்."

என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று. நாயாறு வந்தது, போனது. யாரும் நிறுத்தவில்லை, அவரும் கேட்கவில்லை.

கொக்கிளாயில் தங்கச்சி வேலிக்கு வெளியே ரோட்டில் நின்றாள். நல்ல சட்டை போட்டிருந்தாள். வான் களப்பின் கரை வரை போய் நின்றது. அவள் பின்னால் ஓடிவந்து முன் ஆசனக் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றாள். அப்பா கண்ணாடியைத் திறக்கவில்லை. வெயில் கொளுத்துகிறது, உள்ளே வியர்த்து ஒழுகுகிறது, மனுசன் மறுபக்கம் திரும்பி என் கணவரைக் கேட்கிறார்:

"உது என்ன மரம், தம்பி?"

"பனை, மாமா."

பனையைத் தெரியாத யாழ்ப்பாணத்துப் பரம்பரையை அன்றுதான் நான் கண்டேன். தங்கச்சி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அப்பாவை அப்படியே பெட்டியில் கட்டித் திருப்பி அனுப்பியிருப்பேன்.

வள்ளத்தை இறக்க, வானைப் பின்னுக்கு எடுத்துப் பெட்டியைத் தண்ணீருக்குள் விட வேண்டும். பெட்டி பூட்டிய வண்டியைப் பின்னுக்கு எடுப்பது தலைகீழ்க் கணக்கு. இடப்பக்கம் திருப்பினால் பெட்டி வலப்பக்கம் போகும். என் கணவர் எடுத்தார், பெட்டி வேலியைப் பார்த்துப் போனது. மறுபடி எடுத்தார், பெட்டி திரும்பி வானையே பார்த்தது. கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. வள்ளத்துக்குள் பூசணிக்காயைக் கண்ட சின்னப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தங்கச்சியின் புருசன் மரியாதைக்காகச் சிரிக்காமல் நின்றார், பாவம், அவருக்கு அது நல்ல கஷ்டமாக இருந்தது.

அப்பாவால் தாங்க முடியவில்லை. பெட்டியைப் பின்னுக்கு எடுப்பதில் கண்டாவளையில் அவரை விஞ்ச ஆள் இல்லை.

"தம்பி, நீர் இறங்கும்."

அந்த வானின் ஸ்டேரிங்கை வேறு எவரும் தொட்டது கிடையாது. நான் தொட்டதில்லை. என் கணவர் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. மகளைத் தந்தவருக்குச் சாவியைத் தரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? இறங்கினார். அப்பா மாறி இருந்தார். தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தபடி, உப்புப் பூத்துக் காய்ந்து கிடந்த ஓர் இடத்தைக் குறி வைத்தார்.

தங்கச்சியின் புருசன் ஓடிவந்தார். "மாமா, அந்தப் பக்கம் வேண்டாம். மேலைதான் காய்ஞ்சு கிடக்கு, கீழை சேறு."

மூன்று வருடத்தில் அப்பா அவரோடு கதைத்த முதல் கதை இது:

"சேத்தை எனக்குக் காட்ட வேண்டாம். சேத்துக்கை நிண்டு வளர்ந்தவன் நான்."

பெட்டி நூல் பிடித்தது மாதிரி நேராகப் போனது. பொய் சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. வள்ளம் தண்ணீரைத் தொட்டது, கரையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள், அப்பா பெருமையோடு இன்னும் கொஞ்சம் பின்னுக்கு எடுத்தார். அப்போது வானின் பின்சில்லு இரண்டும் ஒரு சத்தமும் இல்லாமல் உள்ளே போயின. டொல்பின் மூக்கைத் தூக்கி ஆகாயத்தைப் பார்த்தது.

"ஐயோ, என்ரை கிளாசிக்!"

நான் கிணற்றில் விழுந்தாலும் என் கணவர் அப்படிக் கத்துவாரா என்பது சந்தேகம்.

அப்பா கதவைத் திறந்து, தள்ளுகிற எண்ணத்தோடு இறங்கினார். வயல் சேறு அவருக்குத் தெரியும். அது காலை வாங்கும், கேட்டால் திருப்பித் தரும். களப்புச் சேறு அப்படி இல்லை. ஒரு காலை இழுத்தார், மற்றக் கால் போனது. அதை இழுத்தார், செருப்புப் போனது. தொடை வரை கறுப்புச் சேற்றில், கையை எதில் வைப்பது என்று தெரியாமல் அவர் நின்றதைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. என் அப்பாவை யாரும் உதவிக்கு வர வேண்டிய நிலையில் நான் முன்பு கண்டதில்லை.

தங்கச்சியின் புருசன் கிட்டப் போய், முதுகைக் காட்டிக் குனிந்தார். "இழுக்காதேங்கோ, மாமா. என்ரை தோளைப் பிடிச்சுக்கொண்டு சரிஞ்சு வாங்கோ."

அப்பா பிடித்தார். வேறு வழியும் இல்லை. ஆனால் கரைக்கு வந்த பிறகும் கையை எடுக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

வள்ளத்தை அவிழ்த்துத் தண்ணீரில் விட்டுவிட்டு, கரையிலிருந்த ஆண்கள் எல்லோரும் வானைக் கயிறு போட்டு, வலை இழுப்பது போல, ஏலேலோ போட்டு இழுத்தார்கள். வந்தது. என் கணவர் அதன் பின்பக்கத்தைத் தன் சேட்டைக் கழற்றித் துடைத்தார். அரிசி மூட்டையை யாரோ தலையில் வைத்துக் கொண்டுபோனார்கள்.

சேற்றோடு பஸ்ஸில் ஏற முடியாது. அப்பா கிணற்றடியில் குளித்து, சேட்டுப் பையில் பொட்டலமாக வைத்திருந்த திருநீற்றை மறுபடி பூசினார். மாற்றுடுப்பு இல்லாததால் தங்கச்சியின் புருசனுடைய சாரத்தையும் ஒரு ரீசேட்டையும் கொடுத்தோம். அந்த ரீசேட்டில் அவர்களுடைய தேவாலயத் திருவிழாவுக்காக அச்சடித்த அந்தோனியார் குழந்தையோடு நின்றார். நெற்றியில் திருநீறும் நெஞ்சில் அந்தோனியாருமாக அப்பா வீட்டு வாசலில் வந்து நின்றபோது, என் கணவர் வேண்டுமென்றே வெளியே போய் வானைப் பார்த்தார். தோள் குலுங்கியது.

உள்ளே பாய் விரித்திருந்தது. அப்பா வந்து பாயில் இருந்தார். தங்கச்சி சோறு போட்டாள், மீன் குழம்பு விட்டாள், சுவரோடு போய் ஒட்டிக்கொண்டாள். அப்பா தலையைக் குனிந்தபடி சாப்பிட்டார். சாப்பாட்டுக் கோப்பையில் சோறு முடிந்தது.

"அக்கா, அப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் போடட்டோ எண்டு கேள்."

கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருக்கிறார்.

"இன்னும் போடட்டோவாம்."

"கொஞ்சமாப் போடச் சொல்லு" என்றார் அப்பா, என்னிடம்.

"கொஞ்சமாப் போடட்டாம்."

"அக்கா, குழம்பு உறைப்போ எண்டு கேள்."

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே குறைவு. அன்று காலையிலிருந்து நான் பிடித்து வைத்திருந்ததெல்லாம் அத்தோடு முடிந்தது.

"நான் என்ன தபால்காரியோ? வாய் இருக்கிற ஆக்கள் கதையுங்கோ" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன்.

வாசலுக்கு வெளியே கதிரையில் இருந்தேன். தங்கச்சியின் புருசனும் அங்கே வந்து நின்றார். அவர் உள்ளே போகவில்லை. களப்பில் அவருடைய வள்ளம் ஆடிக்கொண்டிருந்தது, அதை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. பிழை செய்துவிட்டேனோ என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அப்பாவின் குரல் கேட்டது.

"பிள்ளை, உங்கடை மீன் முழுக்க முள்ளு. எனக்கு எடுக்கத் தெரியேல்லை. எடுத்துத் தா."

கதவு நிலையில் சாய்ந்து எட்டிப் பார்த்தேன். தங்கச்சி அவருக்குப் பக்கத்தில் பாயில் இருந்து, மீனைப் பிய்த்து, ஒவ்வொரு முள்ளாக எடுத்துக் கோப்பையின் விளிம்பில் வைத்துக்கொண்டிருந்தாள். கண்ணால் ஓடியதைத் தோளில் துடைத்தாள். அப்பா கையை மடியில் வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரிக் காத்திருந்தார். எங்கள் வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் மீனில் முள்ளெடுத்து ஊட்டி வளர்த்தவர் அம்மா இல்லை, அப்பாதான். அது அவளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் ஒரு முள்ளும் விடாமல் எடுத்துக் கொடுத்தாள்.